அழைப்பு வரும்போது யார் எடுப்பது? சிறு வியாபாரிகள் தீர்மானிக்க வேண்டிய ஒரு விடயம்

கடந்த தவணைப் பரீட்சையில் தரம் 10 மாணவி ஒருத்தியின் கணிதப் புள்ளி திடீரெனக் குறைந்திருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. காரணம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளது அப்பியாசக் கொப்பியைப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் கணக்குகளுக்குப் பதிலாக, "ரோல்ஸ் 30, வெள்ளி 4 மணி, மஞ்சள் கேட் வீடு", "வட்டிலப்பம் 2, சீனி குறைய" என்று எழுதப்பட்டிருந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த உம்மாவிடம் விசாரித்தபோதுதான் விடயம் விளங்கியது. கணவர் வெளிநாட்டில். அவர் வீட்டிலிருந்தே சிற்றுண்டிகள் செய்து விற்கிறார். "மாக்கையோட போன எடுக்க ஏலா ஸேர். மஃரிபுக்குப் பொறகுதான் ஓடர் கோல் கூட வாற. புள்ளதான் எடுத்து எழுதி வைக்கும்" என்றார். பிள்ளை படிக்க வேண்டிய நேரமும் வாடிக்கையாளர் அழைக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. அந்த வீட்டின் தொலைபேசிப் பதிலாளர் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. எமது ஊர்களில் தையல் கடை, ஹாட்வெயார், பாமசி, புரியாணிக் கடை, டியூஷன் வகுப்பு, உம்ரா முகவர் என்று எதை எடுத்தாலும் முதலாளியே காசாளர், முதலாளியே விற்பனையாளர், போனை எடுப்பவரும் முதலாளியே. அவரால் முடியாதபோது மகனோ மகளோ எடுக்கிறார்கள். அல்லது யாரும் எடுப்பதில்லை. இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்பதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுக்கப்படாத அழைப்பின் விலை

ஒருவர் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது எமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுக்கம். வாடிக்கையாளரும் அதைத்தான் செய்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அவர் திரும்பி வீட்டுக்குப் போவதில்லை; அடுத்த கடைக்குப் போகிறார்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு வாரத்தில் இரண்டு ஓடர்கள் தவறுகின்றன, ஒவ்வொன்றும் 3,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்தில் 24,000 ரூபா விற்பனை இழப்பு. அதில் இலாபம் கால்வாசி என்றால் உண்மையான இழப்பு 6,000 ரூபா. ஆகவே போன் எடுப்பதற்கென்று மாதம் 10,000 ரூபா செலவழிப்பது இந்த வியாபாரிக்குப் புத்திசாலித்தனமல்ல. 1,500 ரூபா செலவழிப்பது புத்திசாலித்தனம். விற்பனையோடு ஒப்பிடாமல் இலாபத்தோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் பலர் ஒன்றில் எதுவுமே செய்யாமல் இருக்கிறார்கள், அல்லது விற்பனை முகவர் சொன்னதைக் கேட்டு தேவைக்கு மிஞ்சியதை வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எந்த ஏற்பாட்டையும் செய்யுமுன் ஒரு கொப்பி எடுத்து ஒரு வாரத்துக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எதற்காக வந்தது, எந்த மொழியில் பேசினார், எடுத்தோமா தவறவிட்டோமா. இந்த நான்கும் போதும்.

வாரம் முடிந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டு விடயங்கள் தெரியவரும். ஒன்று, திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது மூன்று நான்கு கேள்விகள்தான்: கடை திறந்திருக்கிறதா, சாமான் இருக்கிறதா, விலை என்ன, கொடுத்த வேலை முடிந்துவிட்டதா. இரண்டு, தவறும் அழைப்புகள் நாள் முழுவதும் பரவியிருப்பதில்லை. குறிப்பிட்ட நேரங்களில் குவிந்திருக்கும். ஜும்ஆ நேரம், பகல் சாப்பாட்டு நேரம், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் என்று அது கடைக்குக் கடை மாறும். நோய் எங்கே என்று தெரிந்த பிறகுதான் மருந்து.

முதலாவது வழி: வியாபாரத்துக்கென்று தனி எண்

இது மிக மலிவானது, ஆனால் பலர் செய்யாதது. இன்று கையிலிருக்கும் போன்களில் பெரும்பாலானவை இரண்டு சிம் போடக்கூடியவை. ஒன்றைக் குடும்பத்துக்கும் மற்றதை வியாபாரத்துக்கும் பிரித்துவிட்டால், கடை மூடிய பிறகு வியாபார சிம்மை மட்டும் நிறுத்திவைக்கலாம். வீட்டாரின் அழைப்பு தடைப்படாது.

அந்த சிம் யாருடைய தேசிய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்பது முக்கியம். கடையில் வேலை செய்யும் தம்பியின் பெயரில் எடுத்த எண்ணைப் பெயர்ப் பலகையில் எழுதிவிட்டு, அவர் விலகிப் போகும்போது எண்ணும் கூடப் போய்விட்டதை நான் கண்டிருக்கிறேன். பல வருட வாடிக்கையாளர்கள் புதிய கடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். எண் உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி: அழைப்பை இன்னொருவருக்குத் திருப்பிவிடுதல்

நீங்கள் எடுக்காவிட்டால் அழைப்பு தானாகவே மனைவிக்கோ சகோதரருக்கோ கடை உதவியாளருக்கோ போகும்படி செய்யலாம். இதற்குத் தனியான கருவி எதுவும் தேவையில்லை. கைபேசி வலையமைப்புகளில் இதற்கென்று பொதுவான குறியீடுகள் உள்ளன. எடுக்காதபோது திருப்ப **61* என்று அடித்து, திருப்ப வேண்டிய எண்ணைச் சேர்த்து, இறுதியில் # அடிக்க வேண்டும். வேறு அழைப்பில் இருக்கும்போது திருப்ப **67*. போன் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ இருக்கும்போது திருப்ப **62*. எல்லாவற்றையும் நீக்க ##002#. போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் சென்றும் இதைச் செய்யலாம். உங்கள் பெக்கேஜில் இந்த வசதி இருக்கிறதா என்பதை சேவை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். திருப்பிவிடப்படும் அழைப்பின் இரண்டாம் பகுதிக்கான கட்டணம் பொதுவாக உங்கள் கணக்கில்தான் சேரும், அழைத்தவருக்கு அல்ல. அடுத்தது, யாராவது போனில் அழைத்து, "பரிசு விழுந்திருக்கிறது, இந்தக் குறியீட்டை அடியுங்கள்" என்று சொன்னால் ஒருபோதும் அடிக்காதீர்கள். உங்கள் அழைப்புகளைத் தம் பக்கம் திருப்பி, வங்கி அழைத்துச் சொல்லும் இரகசிய இலக்கத்தைப் பறிப்பதற்கு மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே குறியீடுகளைத்தான்.

மூன்றாவது வழி: வட்ஸ்அப் பிஸ்னஸ்

2018 இல் அறிமுகமான இந்தச் செயலி இலவசமானது. சாதாரண வட்ஸ்அப்பும் இதுவும் ஒரே போனில் வெவ்வேறு எண்களில் இயங்கும். கடையில் நிலையான தொலைபேசி இருந்தால் அந்த எண்ணிலேயே இதைப் பதிவு செய்யலாம். உறுதிப்படுத்தும் இலக்கம் குறுஞ்செய்தியாக அல்லாமல் அழைப்பாக வரும்.

இதில் சிறு வியாபாரிக்குப் பயன்படுபவை நான்கு. முதன்முறை எழுதுபவருக்குத் தானாகச் செல்லும் வரவேற்புச் செய்தி. கடை மூடிய நேரத்தில் தானாகச் செல்லும் பதில். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஒரே தட்டில் அனுப்பும் தயார்ப் பதில்கள். பொருளின் படத்தையும் விலையையும் காட்டும் பட்டியல். மேலே எழுதிய ஒரு வாரக் கொப்பி இங்கேதான் கைகொடுக்கும். அந்த மூன்று நான்கு கேள்விகளையே தயார்ப் பதில்களாக்கிவிடலாம். தானாகச் செல்லும் செய்தி உங்கள் போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் செல்லும் என்பதை மறக்கக் கூடாது. டேட்டாவை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போனால் அதுவும் நின்றுவிடும்.

ஆனால் வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும் 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னரும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடை செய்தது. வட்ஸ்அப்பும் அதில் அடங்கியது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி தொழில்நுட்பக் கோளாறினால் உலகம் முழுவதும் அது பல மணித்தியாலங்கள் செயலிழந்தது. அப்படியான நாட்களில் சாதாரண அழைப்பு மட்டுமே மிஞ்சும். அத்தோடு, எமது வயதானவர்களில் பலர் எழுதுவதில்லை, அழைப்பார்கள். சர்க்கரை நோய் மருந்து தேடி பாமசிக்கு அழைக்கும் எழுபது வயது உம்மம்மாவிடம் "வட்ஸ்அப் பண்ணுங்க" என்று சொல்ல முடியாது.

குரல் அஞ்சல் வசதியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். எம்மவர்கள் இயந்திரத்திடம் பேசிவிட்டு வைக்கும் பழக்கமுடையவர்கள் அல்லர். "பீப்" ஒலி கேட்டதும் துண்டித்துவிடுவார்கள். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னால் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். பழக்கத்தைப் பார்த்துத்தான் வழியைத் தெரிவு செய்ய வேண்டும்.

நான்காவது வழி: ஒரு மனிதரை அமர்த்துதல்

தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் வழி இது. எமது ஊர்களில் க.பொ.த. உயர்தரம் படித்துவிட்டு, வெளியே வேலைக்குச் செல்ல முடியாத நிலையில் வீட்டிலிருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம், வீட்டிலிருந்தே அழைப்பை எடுத்து ஓடரை எழுதி அனுப்பும் வேலையை அவர்களால் மிக நன்றாகச் செய்ய முடியும். ஒரு கடைக்குச் செலவு கூடுதலாகத் தெரிந்தால், போட்டியில்லாத மூன்று கடைகள், உதாரணமாக ஒரு தையல் கடை, ஒரு கேக் வியாபாரம், ஒரு டியூஷன் வகுப்பு, சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். அவரவர் எண்ணிலிருந்து அழைப்பு அவருக்குத் திரும்பும்படி செய்தால் போதும்.

ஒரு நிபந்தனை: கூலியைப் பேசி, நாள் குறித்து, குறித்த நாளில் கொடுக்க வேண்டும். "வீட்டில சும்மாதானே இருக்கிறாய், எடுத்துப் பேசு" என்பது உதவி கேட்பதல்ல, உழைப்பைச் சுரண்டுவது.

ஐந்தாவது வழி: மெனு சொல்லும் இயந்திரம்

"தமிழுக்கு இலக்கம் ஒன்றை அழுத்தவும்" என்று வங்கிகளுக்கு அழைக்கும்போது கேட்டிருப்போம். இன்று சிறு நிறுவனங்களுக்கும் இது இணையத்தின் வழியாக மாதக் கட்டணத்தில் கிடைக்கிறது. ஒரே எண்ணுக்கு ஒரே நேரத்தில் பல அழைப்புகள் வரும். அவை வெவ்வேறு ஊழியர்களின் போன்களுக்குப் பிரிந்து செல்லும்.

ஒரே ஆள் இருக்கும் கடைக்கு இது வீண் செலவு. எந்த இலக்கத்தை அழுத்தினாலும் எடுக்கப்போவது அதே ஆள்தானே. இரண்டு மூன்று கிளைகள், அல்லது விற்பனை, கணக்கு, விநியோகம் என்று தனித்தனி ஆட்கள் இருந்தால்தான் பயன். எடுப்பதாயின் கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். மாதக் கட்டணத்துக்கு மேலாக நிமிடத்துக்கு எவ்வளவு? நாம் விலகினால் எண் எமக்கா நிறுவனத்துக்கா? எத்தனை மாத ஒப்பந்தம்? மின்சாரமோ இணையமோ இல்லாவிட்டால் அழைப்பு எங்கே போகும்? அழைப்புகள் பதிவு செய்யப்பட்டால் எங்கே வைக்கப்படும்? 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் நான்காவது கேள்வி மிக முக்கியமானது.

மெனுவின் மொழி பற்றியும் ஒரு வார்த்தை. சில முஸ்லிம் வியாபார நிறுவனங்களுக்கு அழைத்தால் சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே ஒலிக்கின்றன. வாடிக்கையாளரில் பாதிப்பேர் தமிழ் பேசுபவர்களாக இருக்கும்போது இது ஏன்? அதேபோல கிழக்கிலுள்ள கடைகள் சிங்கள வாடிக்கையாளருக்கு ஒரு வரியாவது சிங்களத்தில் சொல்ல வேண்டும். அரச அலுவலகம் தமிழில் பதில் தரவில்லை என்று குறைப்படும் நாம், எமது கடையில் அதே தவறைச் செய்யக் கூடாது.

செயற்கை நுண்ணறிவினால் மனிதரைப் போலப் பேசிப் பதில் சொல்லும் இயந்திரங்களும் இப்போது விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குமுன் உங்கள் உம்மாவை விட்டு அழைக்கச் சொல்லிப் பாருங்கள். "லுஹருக்குப் பொறகு வாற, எடுத்து வைங்க" என்பதை அது சரியாக விளங்கிக்கொண்டால் மேற்கொண்டு யோசிக்கலாம். விளங்காவிட்டால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

தொழுகை நேரமும் ரமழானும்

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் சூரா அல்ஜும்ஆ எமக்குச் சொல்கிறது. ஆகவே அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருப்பது குறையல்ல. ஆனால் எப்போது திரும்பி வருவோம் என்று சொல்லாமல் போவது குறைதான். முஸ்லிமல்லாத வாடிக்கையாளருக்கு ஜும்ஆ எத்தனை மணிக்கு முடியும் என்று எப்படித் தெரியும்? "தொழுகைக்காக மூடியுள்ளோம், 1.30க்கு அழைக்கிறோம்" என்ற ஒரு வரியைப் பெயர்ப் பலகையிலும் வட்ஸ்அப்பிலும் மூன்று மொழிகளில் இட்டுவிடலாம். பின்னர் 1.30க்கு உண்மையாகவே அழைக்க வேண்டும். வாக்குறுதி கொடுத்தால் நிறைவேற்றுவது ஈமானோடு சம்பந்தப்பட்ட விடயம். அது தானியங்கிச் செய்தியில் கொடுத்த வாக்குறுதியாக இருந்தாலும் சரியே. ரமழானில் நேரங்கள் முற்றாக மாறுவதால், தலைப்பிறைக்கு முன்பே அந்தச் செய்திகளை மாற்றிவிட வேண்டும்.

வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் சகோதரிகளுக்கு

அபாயா தைத்தும் கேக் செய்தும் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் பேஸ்புக்கில் தமது சொந்த எண்ணை இடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ஓடர் என்ற பெயரில் தேவையற்ற அழைப்புகள் வருகின்றன. அதைத் தாங்க முடியாமல் சிலர் வியாபாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது எம்மில் சிலர் "பெண்களுக்கு இது எதற்கு" என்று அவர்களையே குறை சொல்கிறோம். குறை அழைத்தவனிடம், தீர்வு தனி எண்ணில். வியாபார எண்ணில் சொந்தப் படமோ வீட்டு முகவரியோ வேண்டாம். வியாபாரத்தின் பெயரும் அழைக்கும் நேரமும் போதும். அந்த நேரத்துக்கு வெளியே சிம் அணைந்திருக்கட்டும். தொந்தரவு செய்யும் எண்களைத் தடுத்துவிடுவதோடு, செய்திகளை அழிக்காமல் ஆதாரமாக வைத்திருப்பதும் நல்லது.

வாடிக்கையாளரின் எண் ஓர் அமானிதம்

போனை யார் எடுத்தாலும் அவர் கையில் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் முகவரியும் சேர்கின்றன. பாமசியாயின் அவரது நோயும் தெரியவருகிறது. இதை இன்னொரு வியாபாரிக்குக் கொடுப்பதோ, கேட்காமலே நூறு பேர் கொண்ட குழுவில் சேர்த்து எல்லோருடைய எண்ணையும் எல்லோருக்கும் காட்டுவதோ அமானிதத்துக்கு மாறானது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எமது நாட்டில் இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே மார்க்கம் எமக்கு இதைக் கற்றுத் தந்துவிட்டது.

யாருக்கு எது?

சுருக்கமாகச் சொன்னால், வீட்டிலிருந்து உணவு அல்லது தையல் செய்பவருக்குத் தனி எண்ணும் வட்ஸ்அப் பிஸ்னஸும் குறித்த அழைப்பு நேரமும் போதும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு இவற்றோடு அழைப்பைத் திருப்பிவிடும் வசதி. பாமசி போன்ற அவசரத் தேவையுள்ள இடங்களில் ஒரு மனிதர் எடுப்பது கட்டாயம். இயந்திரம் அங்கே உதவிக்கு மட்டும். பல கிளைகள் உள்ளவர்களுக்கே மெனு இயந்திரம். எதைச் செய்தாலும் மாதமொரு முறை வேறொரு போனிலிருந்து உங்கள் கடைக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கேட்பதை ஒருமுறை உங்கள் காதாலேயே கேட்பீர்கள்.

அந்த மாணவியின் உம்மா ஒரு வாரம் எழுதிப் பார்த்தார். பெரும்பாலான அழைப்புகள் விலை கேட்டும் நாளை கிடைக்குமா என்று கேட்டும் வந்தவை. தனி சிம் எடுத்தார். விலைப்பட்டியலை வட்ஸ்அப்பில் இட்டார். ஓடர் எடுக்கும் நேரம் பகல் 2 முதல் 4 வரை என்று அறிவித்தார். அது அவர் அடுப்பை விட்டு அமரும் நேரம். மாலை அழைப்புகள் பக்கத்து வீட்டு மச்சிக்குப் போகின்றன. மாதம் ஒரு தொகை அவருக்குக் கொடுக்கிறார். ஆரம்பத்தில் சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்களாம். ஓரிருவர் திரும்பி வரவுமில்லை. மற்றவர்கள் பழகிவிட்டார்கள்.

போன வாரம் அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் ஓடர் எதுவும் இல்லை. இருபடிச் சமன்பாடு ஒன்று பாதியில் பிழைத்திருந்தது. பிழையைச் சுற்றி வட்டமிட்டேன். ஆனால் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை பிழை விடுவதற்காவது நேரம் கிடைத்திருக்கிறதே.

உங்கள் கடைக்கு வரும் அடுத்த அழைப்பை யார் எடுக்கப்போகிறார் என்று இன்றிரவு ஒருமுறை யோசியுங்கள். அந்தக் கை உங்கள் பிள்ளையின் கையாக இருந்தால், அதில் போனுக்குப் பதிலாகப் புத்தகம் இருக்க ஒரு வழி செய்யுங்கள். அல்லாஹ் எமது வியாபாரங்களிலும் எமது பிள்ளைகளின் கல்வியிலும் பரகத் செய்வானாக.